மலைநாட்டில் பாவித்த டீசல் ஜீப்பும் லீற்றர்க் கணக்கும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வட்டாரங்களில் டீசல் வாகனங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கு வரும் முறைப்பாடுகளுள், வண்டி நின்றுவிட்டது என்பதைவிட வண்டி டீசல் குடிக்கிறது என்பதே தீர்ப்பதற்குக் கடினமானது. நின்றுபோன எஞ்சினில் கோளாறு உண்டு என்பதில் வாகனக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் கருத்து வேறுபாடு எழுவதில்லை. லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர்தான் ஓடுகிறது என்று கொண்டுவரப்படும் ஜீப்பிலோ, கோளாறு எஞ்சினில் இருக்கிறதா, ஓட்டத்தில் இருக்கிறதா, அளந்த முறையில் இருக்கிறதா என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்தறியாமல் டீசல் பம்பைக் கழற்றுவது மலைநாட்டுப் பட்டறைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். அவ்வாறு கழற்றப்பட்ட பம்புகளில் பெரும்பாலானவை குற்றமற்றவை என்பது இத்தொழிலில் ஊறியவர்கள் தமக்குள் ஒப்புக்கொள்ளும் செய்தி.

நான்கு சக்கர உந்துவலு உடைய உயரமான வாகனம் எதுவாயினும் இலங்கையில் அது ஜீப் என்றே வழங்கப்படுகிறது. மலைநாட்டு வீதிகளில் காணப்படும் பஜேரோ, பிராடோ, டெரானோ, ட்ரூப்பர் முதலிய ஜப்பானிய வண்டிகளும், சொரெண்டோ, ரெக்ஸ்டன் போன்ற கொரிய வண்டிகளும் பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்றேகால் லீற்றர் வரையான கொள்ளளவுள்ள டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டவை. இவற்றைப் பாவித்த நிலையில் வாங்குவோர் ஒரே வகையினர் அல்லர்: கந்தப்பளை, இராகலைப் பக்கத்து மரக்கறி விவசாயிகளும், தோட்டங்களில் நீண்டகாலம் வேலை செய்து சேமித்த உத்தியோகத்தர்களும், டிசம்பர் பூரணையில் தொடங்கி மே மாதப் பூரணையில் முடியும் சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணிவரை ஆட்களை ஏற்றிச்செல்லும் வாடகைச் சாரதிகளும் இவர்களுள் அடங்குவர். தோட்டக் கம்பனிகள் ஏலத்தில் கழித்துவிடும் துரைமாரின் பழைய ஜீப்புகளும் இதே சந்தைக்குத்தான் வந்துசேர்கின்றன.

இவர்கள் டீசலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. 2021 டிசம்பரில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் விலைப்படி ஒரு லீற்றர் ஒக்டேன் 92 பெற்றோல் 177 ரூபாய்க்கும் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 121 ரூபாய்க்கும் விற்கப்பட்டன. மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்த இந்த வித்தியாசம், பெரிய எஞ்சினின் பசியை மறைக்கப் போதுமானதாக இருந்தது. 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் 470 ரூபாயும் டீசல் 460 ரூபாயும் ஆனபோது அந்தத் திரை விலகியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை மீளத் தொடங்காத நிலையில், பதினைந்து இருபது ஆண்டுப் பழைய ஜீப்பைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கும் வழியும் அடைபட்டிருந்தது. ஆகவே வண்டியை வைத்துக்கொண்டே அதன் செலவைக் குறைக்க வேண்டும் என்ற நெருக்கடி, ஒவ்வொரு ஜீப்காரரையும் பட்டறை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

அவ்வாறு வருபவர் மனத்தில் ஓர் எண் பதிந்திருக்கும். பெரும்பாலும் அது பத்து அல்லது பதினொன்று. குருநாகலிலோ கொழும்பிலோ வண்டியை விற்றவர் சொன்ன எண் அது. அவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை, சமதரையில் சீராக ஓடும் நல்ல நிலையிலுள்ள ஜீப் அந்த எண்ணைத் தொடக்கூடும். ஜப்பானிய விவரப் புத்தகத்தில் அச்சிடப்பட்ட எண்ணும் இவ்வகையினதே. 1991இல் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிலைத்த 10-15 எனப்படும் சோதனை முறையில், ஏற்கெனவே சூடேற்றப்பட்ட எஞ்சினுடன் வண்டி உருளைகளின்மேல் நிறுத்தப்பட்டு, 660 விநாடிகளில் 4.16 கிலோமீற்றர் ஓட்டப்பட்டது. அந்தச் சோதனையில் ஏற்றமும் இல்லை, வளைவும் இல்லை, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் விடியற்காலையும் இல்லை. அதாவது மலைநாட்டு ஓட்டத்தில் டீசலைத் தின்பவை எவையோ அவை அனைத்தும் அதில் விடுபட்டிருந்தன.

ஏற்றத்தின் விலை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. பட்டறைகளில் இதைச் செய்பவர் குறைவு, செய்து காட்டினால் நம்புபவர் அதனினும் குறைவு. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 2,000 கிலோகிராம் நிறையுள்ள ஜீப் ஒன்று, கடல்மட்டத்தை அண்டியிருக்கும் அவிசாவளையிலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறுவதாகக் கொண்டால், 1,800 மீற்றர் உயர்த்தும் வேலைக்கு மட்டும் ஏறத்தாழ 35 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் உள்ள வெப்ப ஆற்றல் 36 மெகாஜூல் அளவினது. ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரத்தை வந்தடைகிறது என்பதால், மலை ஏறுவதற்கான கட்டணம் மூன்று லீற்றருக்குச் சற்று மேல் ஆகிறது. அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா செல்லும் ஏ7 வீதியின் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீற்றர். சமதரையில் லீற்றருக்குப் பத்து ஓடும் ஜீப்புக்கு இந்தத் தூரத்துக்குப் பன்னிரண்டு லீற்றர் போதும்; மலையின் கட்டணத்தைச் சேர்த்தால் பதினைந்தைத் தாண்டுகிறது, லீற்றருக்கு எட்டுக்கும் குறைவு. எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமலே பத்து எட்டாகிவிடுகிறது.

உயரத்துக்குச் செலுத்தியது இறங்கும்போது திரும்பக் கிடைக்காதா என்ற கேள்வி நியாயமானதே. ஒரு பகுதி கிடைக்கிறது. கியரில் இருக்கும் வண்டி சரிவில் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டிருந்தால், எஞ்சினைச் சுழற்றுவது சக்கரமே. அப்போது பழைய பம்பின் வேகக்கட்டுப்படுத்தியும் சரி, புதிய எஞ்சின்களின் கணினியும் சரி, டீசல் செலுத்துவதை நிறுத்திவிடுகின்றன. சாரதிகள் பலர் சிக்கனம் என்று எண்ணி நியூட்ரலில் இறக்குகிறார்கள். நியூட்ரலில் எஞ்சின் தன்னைத்தானே சுழல வைத்திருக்க டீசல் எரிக்க வேண்டியிருப்பதால், அவர்கள் பிரேக்கையும் எரித்து டீசலையும் எரிக்கிறார்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்து இதனோடு சேர்ந்தது. நானுஓயாவுக்குக் கீழுள்ள றதல்லைக் குறுக்கு வழி போன்ற செங்குத்தான சரிவுகளில் இப்பழக்கத்தை மன்னிக்க முடியாது.

உண்மையில் உயரத்துக்கு இணையாக வளைவுகளும் வாங்குகின்றன. மலைநாட்டு வீதிகளில் பல, மாட்டுவண்டி ஏறக்கூடிய சரிவுக்கு ஏற்ப 19ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டவை. சரிவைத் தணிப்பதற்காக மலையின் மடிப்புகளுக்குள் புகுந்து புகுந்து வெளிவருவதால் சில நூறு மீற்றருக்கு ஒரு வளைவு வருகிறது. மேற்படி ஜீப் ஒரு வளைவுக்காக 45 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 20க்குப் பிரேக் பிடித்து, மீண்டும் 45ஐ எட்டுவதற்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு மில்லிலீற்றர் டீசல் செலவாகிறது. ஒரு வளைவுக்கு இது அற்பம். முந்நூறு வளைவுகளில் இப்படிப் பிரேக் பிடிப்பவருக்கு இதுவே அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் கட்டணத்துக்குச் சமமாகிவிடுகிறது. வளைவு கண்ணுக்குத் தெரிந்தவுடன் காலை எடுத்து, ஏற்றமே வேகத்தைக் குறைக்கும்படி விட்டு, வளைவுக்குள் நுழையுமுன் கியரை மாற்றிக்கொள்ளும் பழைய தோட்டச் சாரதிகளுக்கும், வளைவு வரை விரட்டிச் சென்று பிரேக் மிதிப்பவர்களுக்கும் ஒரே ஜீப்பில் லீற்றருக்கு ஒரு கிலோமீற்றருக்கு மேல் வித்தியாசம் வருவதைப் பட்டறைக்காரர்கள் அறிவார்கள். ஆயினும் வண்டிக்குச் சொந்தக்காரரிடம் கோளாறு உங்கள் காலில் இருக்கிறது என்று சொல்லும் துணிவு எல்லோருக்கும் இருப்பதில்லை.

மலையின் வேலையைத் தூரத்தால் மட்டும் அளக்க முடியாது என்பதை இப்பகுதியின் பழைய நிறுவனங்கள் தெரிந்தே வைத்திருந்தன. 44 மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் சரிவுகள் கொண்ட மலைநாட்டு ரயில் பாதையில், றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றத்துக்கு மேலதிகமாக ஓர் எஞ்சின் சேர்த்துத் தள்ளப்பட்டது; அதே ரயிலுக்குச் சமதரையில் அது வேண்டப்படவில்லை. தோட்டங்களில் ஒவ்வொரு வாகனத்துக்கும் ரன்னிங் சார்ட் எனப்படும் ஓட்டப் பதிவேடு இருந்தது. எங்கிருந்து எங்கு, எதற்காக, எவ்வளவு டீசல் என்பன அதில் எழுதப்பட்டன, டிராக்டருக்கோ கிலோமீற்றர் விடுத்து மணித்தியாலக் கணக்கே வைக்கப்பட்டது. கொழுந்து ஏற்றிய லொறி பள்ளத்திலுள்ள தேயிலை மலைகளிலிருந்து மேலேயுள்ள ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, வரும் தோட்டமும், மேலிருந்து கீழே இறக்கும் தோட்டமும் ஒரே அளவு டீசல் கேட்பதில்லை என்பது கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அதே தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்று ஜீப் வாங்கியவர் மட்டும் தன் வண்டிக்கு ஒற்றை எண்ணை எதிர்பார்ப்பது விந்தையே.

அளவிடுதல் தனிக் கலை. தாங்கியை நிரப்பி, ஓடி, மீண்டும் நிரப்பி, ஊற்றிய லீற்றரால் ஓடிய தூரத்தை வகுப்பது நம்பத்தக்க முறையாயினும், மலைநாட்டில் அதற்கு இடர்கள் பல. டீசல் நுரைக்கும் இயல்புடையது. பம்பின் முனை முதன்முறை தானாக நிற்கும்போது தாங்கி நிரம்பியிருக்க வேண்டும் என்பதில்லை. பெற்றோல் செட்டுகள் பலவற்றின் தரை சரிவானது. முகம் மேல்நோக்கி நிற்கும் ஜீப்பின் தாங்கியும் கீழ்நோக்கி நிற்கும் ஜீப்பின் தாங்கியும் ஒரே அளவில் நிரம்புவதில்லை. ஆகவே அதே செட், அதே பம்ப், அதே நிலை என்ற ஒழுங்கோடு, தொடர்ந்து பல தடவை நிரப்பிச் சராசரி எடுத்தாலொழிய எண் எதையும் சொல்வதில்லை. ஆயிரம் ரூபாய்க்கு அடித்து, முள் இறங்குவதைப் பார்த்து லீற்றர்க் கணக்குச் சொல்பவர்களே வாடிக்கையாளர்களில் அதிகம். 2022 ஓகஸ்ட் முதல் கியூஆர் குறியீட்டு அட்டை முறையில் வாரத்துக்கு 20 லீற்றர் என்று கார்களுக்கு எரிபொருள் பங்கிடப்பட்ட மாதங்களில், வாழ்நாளில் முதன்முறையாக ஜீப்காரர்கள் ஒவ்வொரு லீற்றரையும் குறித்துவைத்தார்கள். பட்டறைக்கு நம்பத்தகுந்த எண்கள் வந்த காலம் அதுவே, துன்பமான காலமாயிருந்தபோதும்.

பெரிய டயர் பொருத்தப்பட்ட ஜீப்பில் கணக்கே வேறு வகையில் பிழைக்கிறது. 265/70 அளவுள்ள 16 அங்குல டயருக்குப் பதிலாக, தோற்றத்துக்காக 285/75 அளவு மாட்டப்பட்டால் சக்கரத்தின் விட்டம் ஏழு வீதத்துக்கு மேல் கூடுகிறது. சக்கரத்தின் சுற்றுகளை எண்ணியே தூரம் காட்டும் மீட்டர், 107 கிலோமீற்றர் ஓடியதை 100 என்று காட்டுகிறது. ஒரு சொட்டு டீசலும் கூடுதலாக எரியாமலே லீற்றர்க் கணக்கு ஏழு வீதம் விழுந்துவிடுகிறது. கனத்த டயர் உண்மையிலேயே தின்னும் டீசல் இதற்கு மேல்.

இனி உண்மையான கோளாறுகளுக்கு வரலாம். மலைநாட்டுக்கே உரியதும், மிக அடிக்கடி காணப்படுவதும், மிகக் குறைவாகத் தேடப்படுவதும் தர்மோஸ்டாட் இல்லாமை. தர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே நீரோட்டத்தை மறித்து நிற்கும் ஒரு சிறு வால்வு; நீரின் வெப்பம் 76 முதல் 82 பாகை செல்சியசை எட்டியபின்னரே இது திறந்து, நீரை ரேடியேட்டருக்கு விடுகிறது. கீழ்நாட்டின் வெக்கையில் எஞ்சின் கொதித்துவிடும் என்ற அச்சத்தால் இதனைக் கழற்றி எறியும் பழக்கம் இலங்கைப் பட்டறைகளில் பரவலாக உண்டு. கொழும்பில் அதன் தீங்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆண்டுச் சராசரி 16 பாகை அளவில் நிற்பதும், ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் புல்மேல் உறைபனி படிவதுமான நுவரெலியாவுக்கு அதே வண்டி வரும்போது, எஞ்சின் நாள் முழுதும் வேலை வெப்பத்தை எட்டாமலே ஓடுகிறது.

குளிர்ந்த எஞ்சின் ஏன் அதிகம் எரிக்கிறது என்பதற்குக் காரணங்கள் பல. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தாலேயே டீசல் பற்றுகிறது. சிலிண்டர்ச் சுவர் குளிர்ந்திருந்தால் பற்றுதல் தாமதித்து, ஒரு பகுதி எரியாமலே வெண்புகையாகப் போகிறது. எஞ்சின் ஒயில் தடித்து உராய்வைக் கூட்டுகிறது. கணினி உடைய எஞ்சின்களில், வெப்பம் குறைவு என்று உணரி தெரிவிக்கும்வரை கூடுதல் டீசல் விடப்படுகிறது. தன்னியக்கக் கியர் உள்ள ஜீப்புகளில் இதற்கு மேலும் ஓர் அடி விழுகிறது: எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே ஒயிலின் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் டோர்க் கன்வர்ட்டர் எப்போதும் சிறிது நழுவிக்கொண்டே இருப்பது; அந்த நழுவலை நிறுத்தி இரு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டும் லொக்-அப் என்னும் அமைப்பு, எஞ்சின் சூடாகும்வரை இயங்காதபடி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தர்மோஸ்டாட் இல்லாத ஜீப்பில் அந்தப் பூட்டு விழாமலே போகலாம். சூடான எஞ்சினிலும், முப்பது நாற்பது வேகத்தில் ஏறும் மலைப்பாதையில் அது அரிதாகவே விழுகிறது என்பதால், பழைய தன்னியக்க ஜீப் மலைநாட்டில் கைக்கியர் ஜீப்பைவிட அதிகம் குடிப்பது அதன் பிறவிக் குணம்.

கந்தப்பளைப் பக்கத்து விவசாயி ஒருவரின் ஜீப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கீழ்நாட்டில் வாங்கப்பட்ட அந்த வண்டி லீற்றருக்கு ஆறுகூட ஓடவில்லை என்பதற்காக, வேறிடங்களில் டீசல் பம்ப் பிரித்துச் செய்யப்பட்டு, நொசில்கள் மாற்றப்பட்டு, பெருந்தொகை செலவாகியிருந்தது, எண் அசையவில்லை. வெப்பம் காட்டும் முள் கீழ்க்கோட்டுக்கு அருகிலேயே நிற்பதை அவர் ஒரு நற்செய்தியாகவே சொன்னார்: "பாஸ், ஊசி மேல ஏறவே மாட்டேங்குது, எஞ்சின் அவ்வளவு கூலா இருக்கு." தர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதுமட்டுமன்றி, சூட்டுக்கேற்ப இறுகித் தளரும் விசிறிக் கிளட்ச் இறுகியே நின்றுபோனதால், விசிறி எந்நேரமும் முழுவேகத்தில் சுழன்று, எஞ்சினின் வலுவையும் தின்று, எஞ்சினை மேலும் குளிரச் செய்துகொண்டிருந்தது. இரண்டும் மாற்றப்பட்டபின் எண் ஏழரையைத் தாண்டியது. அதிகாலையில் மரக்கறி ஏற்றி நுவரெலியாவுக்குச் செல்லும் குறுகிய ஓட்டங்களே அந்த வண்டியின் வாழ்க்கை என்பதால், அதற்கு மேல் எதிர்பார்க்க இடமில்லை. சூடாவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும் வண்டி தன் நல்ல எண்ணைக் காட்டுவதேயில்லை. பனிமூட்டம் விலகட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும் பழக்கத்துக்கும் விலை உண்டு. மூன்று லீற்றர் எஞ்சின் நின்ற இடத்தில் சும்மா ஓட மணித்தியாலத்துக்கு அரை முதல் ஒரு லீற்றர் வரை செலவாகிறது, அந்த நேரத்தில் ஓடிய தூரமோ சுழியம்.

காற்று அடுத்தது. நுவரெலியாவில் வளியழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு மட்டுமே. டீசல் எஞ்சினில் வலுவைத் தீர்மானிப்பது ஊற்றப்படும் டீசலின் அளவு. காற்று போதாதபோதும் பழைய இயந்திரப் பம்ப் தன் வழக்கமான அளவையே ஊற்றுகிறது, எரிய முடியாத மிச்சம் கரும்புகையாகிறது. டேர்போ, அதாவது கழிவு வாயுவின் வேகத்தால் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் காற்றாடி, இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது. ஆனால் அந்தக் காற்றைக் கொண்டுசெல்லும் இறப்பர்க் குழாய்கள் பதினைந்து ஆண்டுகளில் வெடிக்கின்றன, கிளிப் தளர்கிறது, அமுக்கப்பட்ட காற்று வழியிலேயே கசிகிறது. கீழ்நாட்டில் சமாளித்துக்கொண்ட கசிவு மலையில் அம்பலமாகிறது. சாரதி ஆக்சிலரேட்டரை மேலும் மிதிக்க, புகை மேலும் கறுக்கிறது. சோப்பு நீர் தடவிக் குழாய்களைச் சோதிப்பதும், ஏர் பில்டரைக் கழற்றிப் பார்ப்பதும் சில நிமிட வேலைகள். இவை செய்யப்படாமலே எத்தனையோ பம்புகள் சோதனை மேசைக்குப் போயிருக்கின்றன.

2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனை முறை, அதன் நோக்கத்துக்கு மாறான ஒரு தந்திரத்தையும் வளர்த்துவிட்டது. வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு ஆண்டுதோறும் காட்டவேண்டிய புகைச் சான்றிதழுக்காக, டீசல் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை மிதித்து, வெளிவரும் புகையின் அடர்த்தி அளக்கப்படுகிறது. அன்றைய தினம் தேறுவதற்காகப் பம்பின் டீசல் அளவுத் திருகைச் சற்றுத் திருப்பிக் குறைத்துவிட்டு, சான்றிதழ் கிடைத்தபின் பழையபடி கூட்டிவிடுவது பல பட்டறைகளின் கைவேலை. கூட்டும்போது பழைய குறியில் நிற்காமல், ஏற்றத்தில் இழுவை கூடட்டும் என்று மேலும் கால் சுற்றுத் திருப்பப்படுவதும் உண்டு. பிறகு வரும் முறைப்பாட்டின் தொடக்கம் அந்தக் கால் சுற்றில் இருக்கிறது. திருகைக் குறைத்தே விட்டாலும் சிக்கனம் வருவதில்லை; இழுவை குறைந்த வண்டியைச் சாரதி கீழ்க் கியரில் விரட்டி, சேமித்ததைச் செலவழித்துவிடுகிறார். புகைக்குக் காரணமான கசிவையோ அடைப்பையோ தேடுவதே சரியான வழி.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மழையும் மூடுபனியும் ஓயாத இப்பகுதியில் பிரேக் கலிப்பரின் வழுக்கும் ஊசிகள் துருவேறிச் சிக்கிக்கொள்வதால், மிதியை விட்டபின்னும் பட்டைகள் தட்டை உரசிக்கொண்டே இருக்கின்றன. சிறிது தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் கையால் தொட்டுப் பார்த்தால் எது சுடுகிறது என்று தெரிந்துவிடும். இக்கோளாறு சில நூறு ரூபாய்க் கிரீசில் தீரக்கூடியது. கூரையின்மேலுள்ள கெரியரைக் கழற்றச் சொல்லும் அறிவுரையோ மலைநாட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதாகையால், முப்பது வேகத்தில் அது பொருட்படுத்தத்தக்கதன்று. இங்கே பகை எடைதான். பின்பகுதியில் நிரந்தரமாகக் கிடக்கும் ஜாக்கி, சங்கிலி, உரமூடை, பழைய பற்றரி ஆகியவை ஒவ்வொரு ஏற்றத்திலும் கட்டணம் வசூலிக்கின்றன.

எரிபொருளின் தரம் பற்றிய ஐயம் வாடிக்கையாளரிடம் எப்போதும் உண்டு, அது முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயாக இருந்த காலத்தில் டீசலில் அதைக் கலப்பதால் இலாபம் இருந்தது; கலப்படம் கனவளவுக்குச் சற்றுக் குறைந்த ஆற்றல் தருவதோடு, டீசலின் மசகால் உயிர்வாழும் பம்பின் உட்பாகங்களையும் தேய்த்துவிடும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாயாக உயர்த்தப்பட்டதும் அந்த இலாபம் பெரும்பாலும் மறைந்தது, ஆனால் முன்னர் தேய்ந்த பம்புகள் தேய்ந்தவையாகவே இருந்தன. டீசல் பில்டரின் அடியில் நீர் பிரிந்து தங்கும் கிண்ணத்தை அடிக்கடி திறந்து வடிப்பது இரவுக் குளிரில் தாங்கிக்குள் நீர் வியர்க்கும் இவ்விடத்தில் கட்டாயமானது.

இவ்வளவும் பார்த்தபின்னரே, டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் முறை வருகிறது. ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எல்லாச் சிலிண்டர்களுக்கும் டீசல் பகிரும் கொமன் ரெயில் எஞ்சின்களில், ஒவ்வோர் இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பிவரும் டீசலைத் தனித்தனிச் சிறு போத்தல்களில் பிடித்து ஒப்பிட்டால், எது அளவுமீறிக் கசிகிறது என்பது வெளிப்படும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய இன்ஜெக்டர்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கி மாட்டுபவர்கள் மறப்பது ஒன்று: சில எஞ்சின்களில் ஒவ்வோர் இன்ஜெக்டரின் உடலிலும் பொறிக்கப்பட்ட திருத்தக் குறியீட்டைக் கணினிக்கு ஊட்டாவிட்டால், நல்ல இன்ஜெக்டரும் தவறான அளவில் ஊற்றும்.

பாவித்த ஜீப்பை வாங்கப் போகிறவர் விற்பனை நிலையத்தின் நண்பகலில், முன்கூட்டியே சூடாக்கி நிறுத்தப்பட்ட எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதால் மலைக்குத் தேவையான எதையும் அறிவதில்லை. இரவு முழுவதும் நின்று குளிர்ந்த எஞ்சினைத் தானே கிளப்பி, வெப்ப முள் நடுவை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, இயன்றால் கித்துல்கலைக்கு மேல் கினிகத்தேனை ஏற்றத்தில் இரண்டு மூன்று ஆட்களுடன் ஏற்றி, பின்னால் வரும் புகையை இன்னொருவரைக் கொண்டு பார்க்கச் செய்வது விற்பவருக்கு எரிச்சலூட்டினாலும் செய்யத்தக்கது.

பட்டறையின் பக்கத்தில் தீராத சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. மேற்சொன்ன சோதனைகள் அனைத்தையும் செய்து, ஜீப் நலமாகவே உள்ளது, இந்த வீதியில் இந்த எடையுடன் ஏழும் எட்டுமே இதன் உண்மையான எண் என்று கண்டறிவதற்கு அரை நாள் உழைப்பு வேண்டும். ஆனால் எதுவும் மாற்றப்படாத வேலைக்குக் கூலி கொடுக்க வாகனக்காரர் மனம் ஒப்புவதில்லை, எதையும் செய்யாமல் காசு வாங்குகிறார்கள் என்ற பேச்சும் பஸார்வரை போகும். அதனால் நேர்மையான மெக்கானிக்குகள்கூட அத்தகைய ஜீப்புக்கு ஒரு புதிய டீசல் பில்டரை மாட்டி, பழையதை வாகனக்காரர் கையில் கொடுத்து, சோதனைக் கூலியைப் பில்டர் மாற்றிய கூலியாகப் பில்லில் எழுதுகிறார்கள்.